நாலு மணிக்குள் பத்தொன்பது சம்மதம்

படமெடுக்கும் உரிமைப் பாதுகாப்புப் பிரிவின் வாசலில் ஒரு பெரிய நீலப் பலகை இருக்கிறது. ‘பொது இடத்தில் நின்று கண்ணுக்குத் தெரியும் எதையும் படம் எடுக்க எவருக்கும் உரிமை உண்டு. எடுத்த படத்தைப் பறிக்கவோ அழிக்கவோ எவருக்கும் அதிகாரம் இல்லை’ என்று அதில் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கிறது. தினமும் காலையில் ஒருவர் ஏணி போட்டு ஏறி அதைத் துடைக்கிறார். எழுத்து பளபளவென்று இருக்கிறது.

அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் காவலாளி ஸ்டூடியோக்காரரின் மெமரி கார்டைப் பறிமுதல் செய்தார்.

ஸ்டூடியோக்காரருக்குத் தெருவில் ‘சிரிக்காதீங்க’ என்று பெயர். பாஸ்போர்ட் படம் எடுப்பது அவர் தொழில். பாஸ்போர்ட் படத்தில் பல் தெரியக் கூடாது என்பதால் பதினைந்து வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவர் சொல்லிவந்த வார்த்தை அதுதான். வெளியில் வந்து படம் எடுப்பது அவருக்கு வழக்கமில்லை. அன்றைக்கு வந்தது அக்காவுக்காக.

அக்கா ஏழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். அன்றைக்குப் பதினோரு மணி டிரிப்தான் கடைசி. அதோடு ஓய்வு.

“என்னை நீ எடுத்த படமெல்லாம் ஐடி கார்டுக்கு எடுத்ததுதான். ஒவ்வொண்ணுலயும் எவனையோ அடிக்கப் போற மாதிரி இருக்கேன்” என்று முந்தின நாள் போனில் சொல்லியிருந்தாள். “நான் வண்டி ஓட்டறப்போ ஒரே ஒரு படம் எடுடா. நாளைக்கு நானே நம்ப மாட்டேன், நான்தான் ஓட்டினேன்னு.”

சதுக்கத்தில் பஸ் திரும்பும் இடத்தில் ஸ்டூடியோக்காரர் நின்றார். பதினோரு மணி இரண்டு நிமிஷத்துக்குப் பஸ் வந்தது. பயணிகள் ஜன்னலுக்கு ஜன்னல் பலூன் கட்டியிருந்தார்கள். ஸ்டியரிங்கைச் சுழற்றித் திருப்பும்போது அக்கா தம்பியைப் பார்த்தாள். பின்னால் யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் தம்பிக்கே அந்தச் சிரிப்பு புதுசு. அவர் அமுக்கினார். ஒரே ஒரு படம். பஸ் போய்விட்டது.

எடுத்த படத்தைத் திரையில் பார்க்கக்கூட நேரமில்லை. காவலாளி வந்து அவரை ஆபீஸ் வாசலுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

“அண்ணே, படம் எடுக்கக் கூடாது.”

“ரோட்டுல நிக்கறேன். ரோட்டுல போற பஸ்ஸை எடுத்தேன்.”

“பஸ்ஸை எடுத்தது தப்பில்ல. பஸ்ஸுக்குப் பின்னாடி எங்க ஆபீஸ் இருக்கு. குறுக்கே நானும் ஓடி வந்துட்டேன். நானும் படத்துல விழுந்திருப்பேன்.”

“நீங்க ஏன் குறுக்கே ஓடி வந்தீங்க?”

“நீங்க படம் எடுக்கறீங்களேன்னு தடுக்க வந்தேன்.”

ஸ்டூடியோக்காரர் தலைக்கு மேலிருந்த பலகையைக் கையால் காட்டினார். காவலாளியும் அண்ணாந்து, முதல் தடவை பார்ப்பவரைப் போல முழுசாகப் படித்தார்.

“சரியாத்தான் எழுதியிருக்கு. உள்ளே போய்ச் சொல்லுங்க” என்றபடி ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். ‘மெமரி கார்டு, ஒன்று, கறுப்பு’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். “நாலு மணிக்குள்ள வாங்கிடுங்க அண்ணே. அன்னன்னைக்குப் பிடிச்சதை அன்னன்னைக்கே நாலு மணிக்குத் துடைச்சுடுவாங்க.”

“துடைக்கறதுன்னா?”

“உள்ள இருக்கறதை எடுத்துட்டு கார்டைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. புதுசு மாதிரி இருக்கும்.”

உள்ளே விசாரணை மேஜையில் ஒரு குமாஸ்தா அம்மா இருந்தார். அவருக்கு முன்னால் முப்பது நாற்காலிகள். எல்லாம் காலி. ஆனாலும் டோக்கன் எடுக்க வேண்டும் என்றார். ஸ்டூடியோக்காரர் எடுத்தார். டோக்கனில் ஒன்று என்று போட்டிருந்தது. உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். உடனே மணி அடித்து, “ஒண்ணாம் நம்பர்” என்று கூப்பிட்டார்.

“மேடம், எனக்குப் படம் எடுக்க உரிமை இருக்கா இல்லையா?”

“இருக்கு சார். யாரு இல்லேன்னா? அதைப் பாதுகாக்கத்தான் இவ்வளவு பெரிய ஆபீஸ்.”

“அப்புறம் ஏன் பறிச்சீங்க?”

“உரிமையைப் பறிக்கல சார். கார்டைத்தான் பறிச்சோம். உரிமை பத்திரமா இருக்கு. அதை நீங்க பாட்டுக்குத் தினமும் எடுத்து எடுத்து உபயோகிச்சா தேஞ்சுடாதா? வீட்டுல ஒரு நல்ல பாத்திரம் இருந்தா என்ன பண்றோம், அடுப்புல ஏத்திட்டே இருக்கோமா?”

ஸ்டூடியோக்காரர் யோசித்துப் பார்த்தார். அவர் வீட்டில் பரணில் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்தது.

கார்டைத் திரும்ப வாங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். குமாஸ்தா அம்மா கார்டை ஒரு கணினியில் செருகி, திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, பென்சிலால் எண்ண ஆரம்பித்தார்.

“டிரைவர் ஒண்ணு. ஜன்னல்ல தெரியற பயணிங்க பதினேழு. எங்க காவலாளி ஒண்ணு. மொத்தம் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரும் நேர்ல வந்து சம்மதக் கையெழுத்துப் போட்டா கார்டு உங்களுக்கு.”

“நாய் ஒண்ணு ஓடுச்சே மேடம்.”

“நாய்க்கெல்லாம் சம்மதம் கேக்க மாட்டோம் சார், நாங்க அவ்வளவு மோசமில்ல. அதுக்கு உரிமையாளர் இல்லன்னு நீங்க ஒரு கடிதம் கொடுத்தா போதும்.”

ஸ்டூடியோக்காரர் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினார். வாழ்க்கையில் அவர் எழுதியதிலேயே சுலபமான கடிதம் அதுதான்.

“சரி, அந்தப் படத்துக்கு ஒரு பிரிண்ட் கொடுங்க. யார் யாருன்னு பார்த்துக் கண்டுபிடிக்கறேன்.”

“பிரிண்ட் போட்டா அது இன்னொரு படம் ஆயிடும் சார். அதுக்கு அனுமதி இல்ல.” குமாஸ்தா அம்மா பரிதாபமாகப் பார்த்தார். “கவலைப்படாதீங்க. அதுக்குத்தான் ஓவியர் இருக்கார். பார்த்து வரையக் கூடாதுன்னு எந்த விதியிலயும் இல்ல.”

ஓவியர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். ஒன்றரைக்கு வந்தார். கண்ணாடி போட்ட, சாதுவான மனிதர். இந்தப் பிரிவில் இயக்குநர்களாக இருந்தவர்களின் உருவப்படங்களை மாடிப்படி ஓரமாக வரைந்து மாட்டுவதற்காக நியமிக்கப்பட்டவர். திரையைப் பார்த்துப் பார்த்து ஒரு மணி நேரம் வரைந்தார்.

வரைந்து முடித்த தாளை ஸ்டூடியோக்காரர் வாங்கிப் பார்த்தார். பஸ் நன்றாக இருந்தது. பலூன்கள் பிரமாதம். ஆபீஸ் கட்டடம் செங்கல் செங்கலாக வந்திருந்தது. மாடி ஜன்னலில் ஒரு பூந்தொட்டிகூட இருந்தது. ஆனால் பஸ்ஸுக்குள் முகம் தெரிந்த அத்தனை பேருக்கும் ஒரே முகம். அடர்ந்த புருவம், தொங்கு மீசை.

“இது யாருங்க?”

“முதல் இயக்குநர்” என்றார் ஓவியர், கூச்சத்தோடு. “அவரை வரைஞ்சு வரைஞ்சு கை பழகிடுச்சு. யாரை வரைஞ்சாலும் அவராத்தான் வந்து நிக்கறார். வீட்டுல என் சம்சாரத்தை வரைஞ்சேன். ரெண்டு நாள் பேசல.”

மணி இரண்டே முக்கால். ஸ்டூடியோக்காரர் அக்காவுக்குப் போன் செய்தார். டிப்போவில் பிரிவுபசாரம் முடிகிற நேரம். யாரோ மைக்கில் பேசுவது கேட்டது.

“அக்கா, படத்தைப் பிடிச்சு வச்சுட்டாங்க. நாலு மணிக்கு அழிச்சுடுவாங்க.”

“எந்தப் படம், நான் சிரிச்சேனே, அதுவா?”

“அதுதான்.”

“முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவை சிரிச்சிருக்கேன். அதை அழிக்க அவங்க யாருடா?”

அவர் விவரம் சொன்னார். பதினேழு பயணிகள் என்றதும் அக்கா, “அவ்வளவுதானே? எல்லாரும் இங்கதான் மாலையும் கையுமா உக்காந்து பிஸ்கட் தின்னுட்டிருக்காங்க. கூட்டிட்டு வரேன்” என்றாள்.

மூன்று இருபதுக்கு வந்து சேர்ந்தார்கள். வேறொரு டிரைவர் ஓட்டிய பஸ்ஸில் வந்திருந்தார்கள். அக்கா வாழ்நாளில் முதல் தடவையாகப் பயணியாக உட்கார்ந்து வந்ததில் முகம் கடுகடுவென்று இருந்தது.

“பிரேக்கா போடறான் அவன்? மிதிக்கறான். இடுப்பு போச்சு” என்றபடியே படியேறினாள்.

முப்பது நாற்காலியில் பதினெட்டு ஒரே சமயத்தில் நிரம்பியது அந்த ஆபீஸின் சரித்திரத்தில் முதல் தடவை. எல்லாரும் டோக்கன் எடுத்தார்கள். குமாஸ்தா அம்மா ஓவியத்தை மேஜையில் விரித்து, ஒவ்வொருவர் முகத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார். அங்கேதான் வண்டி நின்றது.

“மீசை இல்லையே உங்களுக்கு.”

“நான் ஆஸ்பத்திரி நர்ஸ் மேடம். எனக்கு எப்படி மீசை இருக்கும்?”

“படத்துல இருக்கே.”

“முன்னாலேர்ந்து அஞ்சாவது ஜன்னல் என்னோடது. பன்னிரண்டு வருஷமா அங்கதான் உக்கார்றேன். வேணும்னா பஸ்ஸுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.”

“ஆமா, அது அவங்க இடம்” என்றார் நாலாவது ஜன்னல். “நான் ஒரு நாள் தெரியாம உக்காந்துட்டேன். எழுப்பி விட்டாங்க.”

“ஒரு நாளா? மூணு நாள்” என்றார் நர்ஸ்.

அப்புறம் வேகம் பிடித்தது. ஏழாம் நம்பரில் தினமும் போகிறவர்களுக்கு அவரவர் ஜன்னல் உண்டு. பெயரைக்கூட மறப்பார்கள், ஜன்னலை மறக்க மாட்டார்கள். முதல் ஜன்னல், பேங்க் வாட்ச்மேன். மூன்றாவது, தூங்கிக்கொண்டே வருகிற கணக்கு வாத்தியார். கம்பியைப் பிடித்து நின்ற தையல்காரரின் கை மட்டும்தான் படத்தில் தெரிந்தது. விரலில் ஊசி தைத்த தழும்பைக் காட்டிக் கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா அம்மா மீசையை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே போனார். கடைசியில் அக்கா ஸ்டியரிங்குக்கு நேரே கையெழுத்துப் போட்டாள்.

“பதினெட்டு ஆச்சு. இன்னும் எங்க காவலாளி ஒருத்தர்தான்.”

காவலாளி வந்தார். பேனாவை வாங்கவில்லை.

“நான் போட முடியாதும்மா. டூட்டியில இருக்கறப்போ என் முகம் எனக்குச் சொந்தமில்ல. யூனிபார்ம் மாதிரி. ஆபீஸோடது. இயக்குநர் ஐயாதான் போடணும்.”

மணி மூன்று நாற்பது. ஓவியர் உட்பட எல்லாரும் மாடிக்குப் போனார்கள்.

இயக்குநரின் அறையில் ஒரு பெரிய மேஜை, அதன்மேல் ஒரு பெரிய அறிக்கை, அதற்குப் பின்னால் ஒரு சிறிய மனிதர். சதுக்கத்தைப் பார்த்த ஜன்னல் திறந்திருந்தது. இருபத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழைந்ததும் அவர் தன்னைப் பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து கைகூப்பினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“பாருங்க, நான் உங்க பக்கம்” என்று ஆரம்பித்தார். “நானே ஒரு கலாரசிகன். ஆனா இந்த அறிக்கையைப் பாருங்க. இந்த வருஷம் படக்காரர்களோட உரிமை மீறப்பட்டதா வந்த புகார், பூஜ்யம். போன வருஷம் பூஜ்யம். உலகத்துல எந்த ஆபீஸாவது இப்படிக் காட்ட முடியுமா? எப்படிச் சாதிச்சோம்? படம் எடுக்கவே விடல. எடுத்தாத்தானே பிரச்சினை, தகராறு, புகார்? எடுக்காதவனோட உரிமையை யாராலயும் மீற முடியாது. இது ரொம்பப் பேருக்குப் புரியறதில்ல.”

“எனக்குப் புரியுது சார்” என்றாள் அக்கா. “வண்டியை டிப்போவை விட்டே எடுக்கலேன்னா விபத்தே நடக்காது.”

“கரெக்ட். நீங்க புத்திசாலி.” இயக்குநர் மகிழ்ந்துபோனார். “இப்ப இவர் ஒரு படம் எடுத்துட்டார். அதைத் திருப்பிக் கொடுத்தா அறிக்கையில ‘உரிமை பயன்படுத்தப்பட்டது, ஒன்று’ன்னு எழுதணும். அந்த ஒண்ணு எவ்வளவு அசிங்கமா இருக்கும், யோசிங்க. இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு இருக்கு. காவலாளியோட முகம் படத்துல கௌரவமா இருக்கான்னு பார்த்துட்டுப் போடறேன். ஒரிஜினலைக் காட்டுங்க.”

குமாஸ்தா அம்மா கார்டைச் செருகிய மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தார். விதிப்படி ஓவியத்தையும் ஒரிஜினலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசி முறையாக ஒப்பிட வேண்டும். பூதக்கண்ணாடியை எடுத்தார். பஸ், சரி. பலூன், சரி. காவலாளி, கை நீட்டி ஓடி வருகிறார், கௌரவத்துக்குக் குறைவில்லை. கட்டடம், சரி. மாடி ஜன்னலில் பூந்தொட்டி.

அங்கே பூதக்கண்ணாடி நின்றது. வெகு நேரம் நின்றது.

“ஓவியர் சார்” என்றார் குமாஸ்தா அம்மா மெதுவாக. “இது பூந்தொட்டியா?”

ஓவியர் குனிந்து பார்த்தார். “மேல பச்சையா, வட்டமா இருந்துச்சு. தொட்டின்னு நினைச்சேன்.”

“பச்சைச் சட்டை சார் அது. தொட்டி கையில போன் வச்சிருக்கு.”

அறையில் இருந்த அத்தனை பேரும் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார்கள். அப்புறம் இயக்குநரின் பச்சைச் சட்டையைப் பார்த்தார்கள். படத்தில் அவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, இரண்டு கையாலும் போனைப் பிடித்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பஸ்ஸைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“அது வந்து...” என்றார் இயக்குநர். “பலூன் பஸ். பேத்திக்குக் காட்டலாம்னு.”

காவலாளி ஏற்கெனவே ரசீதுப் புத்தகத்தை எடுத்துவிட்டிருந்தார்.

“ஐயா, போனைக் கொடுங்க.”

“யோவ், நான் யாருன்னு தெரியுதா?”

“தெரியுது ஐயா. மாடி ஜன்னல்.” எழுதிக்கொண்டே கேட்டார், “கலர் கறுப்புதானே?”

“இந்தப் போன்ல என் பேத்தி பிறந்ததுலேர்ந்து எடுத்த படம் இருக்குய்யா. மூணு வருஷம்.”

“நாலு மணிக்குள்ள வாங்கிடலாம் ஐயா. மணி இப்ப மூணு அம்பத்தி நாலு. எத்தனை பேர் விழுந்திருக்காங்கன்னு எண்ணிட்டா, அவங்க டோக்கன் எடுத்து, ஓவியர் வரைஞ்சு...”

“ஓவியர் வரையறதுக்கே ஒரு மணி நேரம் ஆகும்” என்றார் குமாஸ்தா அம்மா. மனம் நொந்துதான் சொன்னார்; ஆனாலும் சொன்னார். “பேத்தியும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும் சார். எழுதத் தெரியுமா?”

இயக்குநர் போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூன்று வருஷமாக அறிக்கைகளில் காட்டாத ஆவேசம் குரலில் வந்தது.

“என்ன அநியாயம் இது? நான் நின்ன இடம் என் ஜன்னல். எடுத்தது ரோட்டுல போற பஸ்ஸை. ஊர்ல எல்லாருக்கும் தெரியற இடத்துல, எல்லாரும் பார்க்கறதை நானும் பார்த்தேன், எடுத்தேன். அது ஒவ்வொரு மனுஷனோட உரிமை. அதுக்கு எவன் சம்மதமும் வேண்டாம். எடுத்த படத்தைப் பிடுங்கவும் அழிக்கவும் எவனுக்கும் அதிகாரம் கிடையாது. அது காவலாளியா இருந்தாலும் சரி, இயக்குநரா இருந்தாலும் சரி.”

பேசி முடித்து மூச்சு வாங்கினார். தான் சொன்னது எங்கேயோ படித்தது மாதிரி இருக்கிறதே என்ற சந்தேகம் அவர் முகத்தில் ஓடியது.

குமாஸ்தா அம்மா வரி விடாமல் எழுதி முடித்திருந்தார். தாளை அவர் முன்னால் வைத்தார்.

“உத்தரவுன்னு மேல போட்டிருக்கேன் சார். கீழ கையெழுத்துப் போட்டீங்கன்னா இப்பவே அமலுக்கு வந்துடும். உங்க போனுக்கும் பொருந்தும், இவர் கார்டுக்கும் பொருந்தும். ஒருத்தருக்கு மட்டும்னு போட விதியில இடமில்ல.”

கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தேழு. இயக்குநர் அறிக்கையைப் பார்த்தார். அதிலிருந்த அழகான பூஜ்யத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

காவலாளி எழுதிய ரசீதைக் கிழித்துத் தூரப் போடாமல், ‘ரத்து’ என்று குறுக்கே எழுதி, தேதி போட்டு, புத்தகத்தை மூடினார். பிறகு மடிக்கணினியிலிருந்து கார்டைக் கழற்றி ஸ்டூடியோக்காரர் கையில் கொடுத்தார். “நல்ல படம் அண்ணே” என்றார். “நானும் நல்லா விழுந்திருக்கேன்.”

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து ஸ்டூடியோக்காரர் கார்டைக் கேமராவில் போட்டார். அதுவரை அவரும் படத்தைப் பார்க்கவில்லை. அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பின்னால் பதினேழு தலைகள்.

படம் அருமையாக வந்திருந்தது. பலூன்கள், ஸ்டியரிங், பின்னால் சாய்ந்த தலை, வாய் நிறையச் சிரிப்பு. அக்கா நெடுநேரம் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை நர்ஸ் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பெரிசாக்குடா” என்றாள் அக்கா.

அவர் பெரிதாக்கினார். அக்கா இன்னும் குனிந்தாள். முகம் மாறியது.

“என்னடா, கண்ணை மூடியிருக்கேன்?”

“சிரிக்கறப்போ எல்லாருக்கும் அப்படித்தான் அக்கா. அரை செகண்டு.”

“திருப்பத்துலடா. ஃபுல் லோடு. ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டு திருப்பியிருக்கேன்.” குரலைத் தாழ்த்தினாள். “முப்பத்தொரு வருஷத்துல ஒரு சின்ன உரசல்கூட இல்லன்னு இப்பத்தான் சான்றிதழ் கொடுத்து மாலை போட்டாங்க.”

பின்னாலிருந்த பதினேழு பேரும் தங்கள் தங்கள் ஜன்னலை நினைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கணக்கு வாத்தியார் மட்டும், “நான் தூங்கிட்டிருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார்.

“டிப்போ நோட்டீஸ் போர்டுக்கு ஒரு பெரிய பிரிண்ட் கேட்டிருக்காங்க அக்கா.”

“வாயைத் திறக்காதே. கார்டு காலியா இருந்துச்சுன்னு சொல்லிடு” என்றாள் அக்கா. எழுந்து நாலு படி இறங்கினாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

“எனக்கு மட்டும் ஒண்ணு போட்டுக் கொடு. துணி வைக்கற அலமாரிக் கதவுல, உள்பக்கமா ஒட்டிக்கறேன்.”

“எவ்வளவு பெரிசு?”

அக்கா இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினாள்.

“கதவு அளவுக்கு.”